“கதவு திறக்கலை, அண்ணாச்சி!” 20-ந்தேதி ராத்திரி 4 மணி நேரத் திண்டாட்டம்

சென்னை பாரிமுனையில் ஒரு சந்து. இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் ஆபீஸ்.

மாலை மணி 5.30. மாடியில் நாலு பேர். நாலு பேர் கண்ணும் ஒரே கம்ப்யூட்டர் மேல்!

நிருபர் அங்கே போனது கம்பி விலை விசாரிக்க. ஆனால் கம்பி விலை சொல்லும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

“என்ன தம்பி, ஆச்சா?” என்றார் முதலாளி. திருநெல்வேலிக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“கதவு திறக்கலை, அண்ணாச்சி!” என்றார் கம்ப்யூட்டர் பார்க்கும் வாலிபர். முகம் வெளிறிக் கிடந்தது.

அன்று தேதி 20. மாதா மாதம் கணக்கு கொடுக்கும் வியாபாரிகளுக்கு இந்தத் தேதியின் அருமை தெரியும். ஜி.எஸ்.டி. 3-பி படிவத்தை அன்று ராத்திரிக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதுகூடப் பரவாயில்லை. கட்ட வேண்டிய வரிக்கு வருஷம் 18 சதவீத வட்டி!

“இது வந்த நாளா நான் ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது” என்றார் அண்ணாச்சி. சொல்லும்போதே வேர்த்தது.

மும்பையில் கணக்கு!

கணக்கு கடையில் இல்லை. மும்பையில் இருக்கிறது!

2015 டிசம்பர் வெள்ளத்தில் குடோனில் இருந்த கம்ப்யூட்டர் நனைந்து, ஒரு வருஷத்துப் பில் எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு மும்பையில் ஒரு கம்ப்யூட்டரை மாத வாடகைக்குப் பிடித்தார்கள். பாரிமுனையில் உட்கார்ந்துகொண்டே அதற்குள் போய்க் கணக்கு எழுதுவார்கள்.

அப்படி உள்ளே போகும் வழிக்கு ‘எஸ்.எஸ்.எச்.’ என்று பெயர். ‘செக்யூர் ஷெல்’ என்பதன் சுருக்கம்.

இந்த வழியைப் போட்டவர் பின்லாந்து நாட்டுக்காரர், தாத்து இலோனென். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அப்போது அங்கே ஒரு திருட்டு. கம்பி வழியே போகும் ரகசியச் சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டு அள்ளிவிட்டார்கள்! அதுவரை ‘டெல்நெட்’ என்ற வழிதான் புழக்கம். அதில் எல்லாம் தபால் கார்டு மாதிரி. தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை படிக்கலாம். இலோனென் அதை உறைக்குள் போட்டு ஒட்டினார். அவ்வளவுதான் விஷயம், ஆனால் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் நம்பர் உண்டு. கோப்பு அனுப்ப 21. டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார் இலோனென். இன்றைக்கும் 22-தான்.

அந்த 22-ம் நம்பர் வாசலில்தான் நம் அண்ணாச்சியின் ஆட்கள் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அப்படியே படி!”

வாலிபர் 11 தரம் தட்டிப் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டரை 2 தரம் அணைத்துப் போட்டார். இன்டர்நெட் பெட்டியை ஒரு தரம் பிடுங்கிச் சொருகினார். கடைசியில் கோவைக்கு டெலிபோன் போட்டார். மும்பைக் கம்ப்யூட்டரைப் பராமரிக்கிற என்ஜினீயர் இருப்பது கோவையில்.

“சார், திறக்கலை சார்!”

“திறக்கலைன்னுதான் போன் பண்றே, அது தெரியுது. அது என்ன சொல்லுது? அப்படியே படி.”

“ஏதோ இங்கிலீஷ்ல...”

“ஏதோ இல்லப்பா. எழுத்துக்கு எழுத்து படி.”

படித்தார். ‘கனெக்ஷன் டைம்டு அவுட்.’

இந்த ஒரு வரியை 11 தரம் பார்த்திருக்கிறார் வாலிபர். ஒரு தரமும் படிக்கவில்லை! நாமும் அப்படித்தானே. ரேஷன் கடைப் பலகையைப் பார்த்தவுடன் “இல்லையா?” என்று கேட்கிறோமே தவிர, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறோமா?

‘டைம்டு அவுட்’ என்றால், தட்டினோம், காத்திருந்தோம், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ‘போடா’ என்றுகூடச் சொல்லவில்லை. கப்சிப்! அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கலாம். நம்பர் தப்பாக இருக்கலாம். அல்லது வழியில் நிற்கும் காவல், நம் தட்டலையே உள்ளே விடாமல் விழுங்கியிருக்கலாம். சாவியோ ரகசியச் சொல்லோ தப்பு என்று இதற்கு அர்த்தமே இல்லை. சாவியைக் காட்டும் இடம் வரைக்கும் நாம் போகவே இல்லையே!

“தம்பி, இன்னைக்கு அங்க கரண்ட் போச்சா?” என்றார் என்ஜினீயர்.

“மத்தியானம் 3 மணிக்குப் போச்சு சார். கால் மணி நேரம்.”

“சரி. ஆபீஸ் இன்டர்நெட் நம்பர் என்னன்னு பாரு.”

பார்த்தால் பழைய நம்பர் இல்லை! கரண்ட் போய் வந்ததும் இன்டர்நெட் கம்பெனி புது நம்பர் கொடுத்துவிட்டது. வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் வரும் இணைப்பில் இது சகஜம். மும்பையில் நிற்கும் காவலுக்கோ ‘பழைய நம்பர்க்காரரை மட்டும் விடு’ என்று உத்தரவு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. 11 தரமும் செய்தது.

கோவையிலிருந்தே புது நம்பரைக் காவல் பட்டியலில் சேர்த்தார் என்ஜினீயர். மணி 6.20.

“நல்லா இருப்பீங்க!” என்றார் அண்ணாச்சி. டீ சொன்னார்.

டீ வருவதற்குள் அடுத்தது!

கையை எடு!

இந்தத் தடவை ஒரு வரி அல்ல. திரை நிறைய ‘@’ குறிகள். பெரிய எழுத்தில் எச்சரிக்கை. ‘அந்தப் பக்கத்து ஆளின் அடையாளம் மாறிவிட்டது! யாரோ விஷமம் செய்யக்கூடும்! இந்த நிமிடமே யாரோ ஒட்டுக்கேட்கலாம்!’ என்று இங்கிலீஷில் அலறியது.

கணக்குப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். “போலீசுக்குச் சொல்லணுமா?”

“ஒண்ணும் இல்லைங்க. இது அடிக்கடி வரும். பழைய வரியை அழிச்சுட்டா போயிடும்” என்று வாலிபர் விசைப்பலகையில் கை வைத்தார்.

டெலிபோனில் ஒரு சத்தம். “கையை எடு!”

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விஷயம் இதுதான். நாம் யார் என்று மும்பைக் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்கிறது. அதற்கு முன்னால் நாம் அதைக் கேட்க வேண்டும், “நீ யார்?” என்று. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கென்று ஒரு ரகசியச் சாவி வைத்திருக்கும். அதற்கு ஒரு கைநாட்டு உண்டு. முதல் தடவை போகும்போது நம் கம்ப்யூட்டர் அந்தக் கைநாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் கூச்சல் போடும்.

மாறுவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். கம்ப்யூட்டரைப் புதிதாக அமைத்திருக்கலாம். அல்லது நடுவில் ஒருவன் ‘நான்தான் மும்பை’ என்று வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டுக்கும் கூச்சல் ஒன்றுதான்! எது எது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2023 மார்ச் 24-ந்தேதி இதே கூச்சல் உலகம் முழுக்கக் கேட்டது. கம்ப்யூட்டர் எழுத்தாளர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் பெரிய கிடங்கு ‘கிட்ஹப்’. அதன் சொந்த ரகசியச் சாவிகளில் ஒன்று, எல்லோரும் பார்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டது. கம்பெனி உடனே அந்தச் சாவியை மாற்றியது. காலையில் வேலைக்கு உட்கார்ந்தவர்கள் திரையிலெல்லாம் எச்சரிக்கை! கம்பெனி புதுக் கைநாட்டை வெளிப்படையாக அறிவித்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாற்றியவர்கள் புத்திசாலிகள். பார்க்காமல் பழைய வரியை அழித்துவிட்டு ‘யெஸ்’ என்று அடித்தவர்கள் எத்தனை பேரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இந்தச் சோதனையே வேண்டாம் என்று அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுக்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். அவர்கள் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்து, கண்ணையும் கட்டி விடுகிறவர்கள்.

சரி, பாரிமுனைக்கு வருவோம். கோவை என்ஜினீயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

“தப்பு என் பேர்லதான் தம்பி. ஞாயித்துக்கிழமை அந்த மெஷினைப் புதுசா அமைச்சோம். பழைய சாவியைக் கொண்டுவந்து வைக்க மறந்துட்டோம்.”

“அப்ப அழிச்சுடட்டுமா சார்?”

“இரு. நான் மாத்தினேன்னு எனக்குத் தெரியும். ஆனா இப்ப உன்கிட்டப் பேசுறது நான் மாத்தின மெஷின்தானா? அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. திரையில கைநாட்டு இருக்கு பாரு. படி.”

43 எழுத்து! “பெரிய கே... சின்ன கே... எழுத்து ஓவா, சைபரா சார்?” என்று ஒருவர் படிக்க, மும்பைக் கம்பெனி தரும் தனி வழியில் உள்ளே போய் அதே கைநாட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் சரிபார்க்க, அண்ணாச்சி நடுவில் நின்று ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு பேரேட்டை ஒத்துப் பார்க்கும் வேலை அவருக்குப் பழக்கம்.

43-ம் ஒத்துப்போயிற்று. பிறகுதான் பழைய வரியை அழித்தார் வாலிபர். மணி 7.

என்ஜினீயர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். போன் ‘கட்’.

“திட்டுதே!”

எச்சரிக்கை போயிற்று. ஆனால் கதவு?

எப்போதும் சாவியைக் காட்டினால் நேரே உள்ளே விடும் கம்ப்யூட்டர், இன்று சாவியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. “ரகசியச் சொல் என்ன?” என்று கேட்டது.

ரகசியச் சொல்லை அவர்கள் உபயோகித்து 2 வருஷம் ஆகிறது. வாலிபர் ஒன்று போட்டார். ‘பெர்மிஷன் டினைடு.’ கணக்குப்பிள்ளை தன் டைரியில் இருந்த ஒன்றைச் சொன்னார். ‘டினைடு.’ அண்ணாச்சி தன் பேத்தி பெயரைப் போடச் சொன்னார். ‘டினைடு.’ இன்னும் இரண்டு.

அதோடு செய்தி மாறியது. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்!’

“முதல்ல பதிலே வரலை. இப்ப பதில் சொல்லித் திட்டுதே!” என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி சரியாகத்தான் சொன்னார்! ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் ஆள் இருக்கிறார், ஆனால் அந்த வாசலில் உங்களுக்கு இடமில்லை என்று உடனே முகத்தில் அடித்த மாதிரி பதில் வருகிறது. பெரும்பாலும் இது எப்போது வரும்? உள்ளே எஸ்.எஸ்.எச். வேலைக்காரனே ஓடாதபோது, அல்லது வாசல் நம்பரை மாற்றியிருக்கும்போது.

இங்கே அது இல்லை. 10 நிமிஷத்துக்குள் 5 தப்பு விழுந்தால் அந்த நம்பரை 10 நிமிஷத்துக்கு வெளியே தள்ளும் காவல் ஒன்று உண்டு. ‘ஃபெயில்-டூ-பான்’ என்று பெயர். யாரும் மாற்றி அமைக்காவிட்டால் கணக்கு இதுதான். திருடர்களுக்காக வைத்த காவல், சொந்தக்காரரையே பிடித்துத் தள்ளிவிட்டது!

அது யாருக்கும் அப்போது தெரியாது. என்ஜினீயர் போனை எடுக்கவில்லை. கீழே ஷட்டர் பாதி இறங்கியது. கணக்குப்பிள்ளை காஞ்சிபுரம் போக வேண்டியவர். “நான் இருக்கேன் அண்ணாச்சி” என்று மறுபடி உட்கார்ந்தார். வாலிபர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து 4 மாதம்தான் ஆகிறதாம்.

அண்ணாச்சி அவரைத் திட்டவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திறந்து போட்டதால் பூட்டு!

8.15-க்கு என்ஜினீயர் லைனில் வந்தார்.

“சாவி சரியான சாவிதானா? ‘-வி’ போட்டுப் பாரு” என்றார்.

எஸ்.எஸ்.எச். கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் ‘வி’ என்ற இங்கிலீஷ் எழுத்தும் சேர்த்தால், அது போகும் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகும். ‘இந்த நம்பருக்குப் போகிறேன். சேர்ந்துவிட்டேன். அடையாளம் ஒத்துப்போகிறது. இந்தச் சாவியை நீட்டுகிறேன்...’ எந்த வரியோடு நின்றதோ, அங்கேதான் கோளாறு. 50 பைசா செலவில்லாத வைத்தியம் இது. ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை என்று கேட்காதீர்கள். யாரும் செய்வதில்லை.

வாலிபர் படித்தார். சாவி சரி. நீட்டியது. அந்தப் பக்கம் வாங்கவில்லை. காரணம் சொல்லவில்லை. சொல்லவும் செய்யாது, வெளியே நிற்பவன் திருடனாக இருந்தால் அவனுக்கு எதற்குக் காரணம்?

காரணம் உள்ளேயிருக்கும் பதிவேட்டில்தான் இருக்கும். என்ஜினீயர் அதைத் திறந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

“அடப்பாவி!” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கோப்புகளை மாற்றியபோது ஏதோ ஒன்று தடுத்ததாம். அவருடைய உதவியாளர் கோபத்தில், அண்ணாச்சி கணக்கின் அறை முழுவதையும் ‘777’ என்று வைத்துவிட்டார். 777 என்றால், யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம்!

எல்லோருக்கும் திறந்து போட்டால் வழி சுலபமாகத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எஸ்.எஸ்.எச். அப்படி நினைக்காது. யார் யார் சாவி செல்லும் என்கிற பட்டியல் அந்த அறையில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அறையில் இருக்கும் பட்டியலை எப்படி நம்புவது? திருடன் தன் பெயரையும் சேர்த்திருப்பானே! ஆகவே பட்டியலையே பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். அகலத் திறந்து வைத்ததால் பூட்டிக்கொண்ட கதவு!

இதே சங்கதி நம் பக்கத்திலும் உண்டு. நம்மிடம் இருக்கும் சாவிக் கோப்பை அடுத்தவர் படிக்கும்படி வைத்திருந்தால், எஸ்.எஸ்.எச். அந்தச் சாவியைத் தொடவே தொடாது. சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத 600. அறைக்கு 700. இதுதான் கணக்கு.

என்ஜினீயர் மாற்றினார். சாவியை நீட்டினார் வாலிபர்.

திறந்தது! மணி 8.40.

அரை வினாடி!

கணக்குப்பிள்ளை பில்களைக் கூட்ட ஆரம்பித்தார். நடுவில் வீட்டுக்குப் போன் பேசப் போனார். வந்து பார்த்தால் இணைப்பு அறுந்து கிடக்கிறது. ரொம்ப நேரம் பேச்சு மூச்சு இல்லாவிட்டால் வழியில் இருக்கும் பெட்டிகள் இணைப்பை மறந்துவிடும். 60 வினாடிக்கு ஒரு தரம் ‘இருக்கேன்’ என்று சொல்லும்படி வைத்தார் வாலிபர். அதோடு சரி.

திரும்ப உள்ளே போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“உள்ள விட எதுக்கு இவ்வளவு யோசிக்குது?” என்றார் அண்ணாச்சி. அன்றைக்கு அவருக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம்.

வழக்கமாக இதற்குக் காரணம் சாதாரணம். வந்தவர் நம்பருக்குப் பெயர் என்ன என்று அந்தக் கம்ப்யூட்டர் வெளியே விசாரித்துவிட்டு, பதில் வராமல் காத்திருக்கும். ஆனால் “ஏன் மெதுவாகிறது?” என்று ஒருவர் கேட்டதால் உலகமே தப்பிய கதையும் உண்டு.

2024 மார்ச். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற என்ஜினீயர். மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் வேலை. வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழி வரும் ஆட்களை விரட்டும் வேலைக்கே அவர் கம்ப்யூட்டர் ரொம்ப மூச்சு வாங்குவதைக் கவனித்தார். அளந்தார். முன்பு 0.3 வினாடி. இப்போது 0.8 வினாடி. அரை வினாடி கூடுதல்!

நீங்களும் நானும் ‘போகட்டும்’ என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டினார். கோப்புகளைச் சுருக்கிக் கொடுக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்ற சின்ன இலவச நிரலுக்குள் யாரோ ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தார்கள்! அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் பாதிக்கப்பட்ட எந்தக் கம்ப்யூட்டரிலும் எஸ்.எஸ்.எச். வழியே தன் இஷ்டப்படி கட்டளை போடலாம். வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் 2 வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நிரலைப் பராமரிக்கும் உரிமையையே வாங்கியவர். உண்மையில் அவர் யார் என்பது வெளியே வரவில்லை. மார்ச் 29-ந்தேதி ஃப்ராய்ண்ட் விஷயத்தை ஊருக்குச் சொன்னார். கள்ளக் கதவு பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளில்தான் அதுவரை போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்ச நாள் தள்ளியிருந்தால், அண்ணாச்சி வாடகைக்குப் பிடித்தது போன்ற லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் போயிருக்கும்.

இதையெல்லாம் கேட்ட அண்ணாச்சி, “இப்ப நம்ம மெஷின் எத்தனை வினாடிங்க?” என்றார். என்ஜினீயர் அளந்து சொன்னார். அண்ணாச்சி அதை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார்.

9.25-க்குப் படிவம் போயிற்று. வரியும் கட்டியாயிற்று. ரசீது நம்பர் திரையில் வந்ததும் கணக்குப்பிள்ளை அதை இரண்டு தரம் அச்சடித்தார்.

“தம்பி, அந்த மாறாத நம்பர் ஒண்ணு உண்டாமே, அதுக்கு மாசம் எவ்வளவு ஆகும்?” என்றார் அண்ணாச்சி.

வாலிபர் சொன்னார்.

“நாளைக்கே வாங்கிடு. அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும் போடு. அப்புறம், அது சொல்றதை ஒரு நோட்டுல எழுதி வை. எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு. நீ லீவுல போனா நானாவது படிப்பேன்.”

கடைசி ஷட்டரும் இறங்கியது. கணக்குப்பிள்ளை கடற்கரை ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். கம்பி விலை கேட்க மறந்தே போயிற்று.